பெயரை அடித்தாச்சு... காவலாளிக்குச் சொல்லியாச்சா?

வெள்ளிக்கிழமை சாயங்காலம். மூன்று கிளைகள் உள்ள ஒரு பாத்திரக் கடையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பத்து வருடமாகக் கணக்குப் பார்த்தவர் அன்றோடு வேலையை விட்டு நிற்கிறார். சண்டை, சச்சரவு எதுவும் இல்லை. ஆனால், அவர் போய்ச் சேரப்போவது எதிர்த்த தெருவில் இருக்கும் போட்டிக் கடையில்.

முதலாளி அண்ணாச்சிக்கு ஒரே கவலை. கம்ப்யூட்டர் பார்க்கும் தம்பியைக் கூப்பிட்டார்.

“தம்பி, அவரு வீட்டுல இருந்தே நம்ம கணக்கைத் திறந்து பார்ப்பாருல்ல... அதை எடுத்து விட்ருப்பா.”

“இப்பவே எடுத்துடுறேன் அண்ணாச்சி.”

இரண்டே நிமிட வேலை. தம்பி சர்வரில் ஒரு ஃபைலைத் திறந்தார். பழையவர் பெயர் இருந்த வரியை அழித்தார். சேமித்தார். “முடிஞ்சுது அண்ணாச்சி” என்றார். அண்ணாச்சி கடைக் கதவை இறக்கி, பூட்டைப் போட்டு, வழக்கம்போல மூன்று முறை இழுத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் பழையவர் தன் வீட்டு லேப்டாப்பிலிருந்து கடைக் கணக்குக்குள் போய் வர முடிந்தது. எந்தக் குக்கர் என்ன விலைக்குக் கொள்முதல் ஆனது, எந்த வாடிக்கையாளருக்கு எவ்வளவு கடன் என்று அத்தனையும் கண்ணுக்குத் தெரிந்தது.

தம்பி பொய் சொல்லவில்லை. வரியை நிஜமாகவே அழித்துவிட்டார். ஃபைலைத் திறந்து பார்த்தால் அந்தப் பெயர் இல்லை. பிறகு எப்படி?

வரியை அழித்தார் சரி. அழித்த விஷயத்தை யாரிடம் சொன்னார்?

காவலாளியின் மனப்பாடம்

கடைக்கோ, பள்ளிக்கூடத்துக்கோ, மருத்துவமனைக்கோ கணக்கு வைக்க ஒரு பெரிய பேரேடு வேண்டும். கம்ப்யூட்டரில் அந்தப் பேரேட்டுக்குப் பெயர் டேட்டாபேஸ். தமிழில் தரவுத்தளம். அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, கேட்பவருக்குக் கேட்டதை எடுத்துக் கொடுக்கும் நிரல்தான் டேட்டாபேஸ் சர்வர். யார் உள்ளே வரலாம், எங்கிருந்து வரலாம், எதைத் தொடலாம் என்று அதற்கு ஒரு பட்டியல் உண்டு.

பலர் நினைப்பது என்னவென்றால், ஒவ்வொருவர் வரும்போதும் சர்வர் அந்தப் பட்டியலைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறக்கிறது என்று. பெரும்பாலும் அப்படி இல்லை.

ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பை எடுத்துக்கொள்ளுங்கள். யார் யார் உள்ளே வரலாம் என்ற பட்டியல், சங்க அலுவலகத்தில் இருக்கும் நோட்டுப் புத்தகத்தில் இருக்கிறது. காவலாளி காலையில் வேலைக்கு வந்ததும் அதை ஒரு தடவை படித்து மனப்பாடம் செய்துகொள்கிறார். அப்புறம் நாள் முழுக்க மனப்பாடத்தை வைத்துத்தான் வேலை. மத்தியானம் செயலாளர் வந்து நோட்டில் ஒரு பெயரை அடித்துவிட்டுப் பேசாமல் போய்விட்டால், காவலாளிக்கு எப்படித் தெரியும்? அடிக்கப்பட்ட பெயர்க்காரர் சாயங்காலம் வந்தால் சலாம் போட்டு உள்ளே விடத்தான் செய்வார்.

டேட்டாபேஸ் சர்வரும் இப்படித்தான். எழுதி வைத்திருப்பது ஒன்று, ஞாபகத்தில் ஓடிக்கொண்டிருப்பது இன்னொன்று. எழுதியது எப்போது ஞாபகத்துக்குப் போகிறது என்பதுதான் முக்கியமான கேள்வி. அதற்கான பதில் சர்வருக்குச் சர்வர் மாறும்.

யானை வீட்டு வழக்கம்

உலகம் முழுக்கப் பிரபலமான இலவச டேட்டாபேஸ்களில் ஒன்று போஸ்ட்கிரெஸ். அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில், பேராசிரியர் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தலைமையில் 1986-ல் தொடங்கிய ஆராய்ச்சியில் பிறந்தது. அதற்கு முன்பு அவர் உருவாக்கிய டேட்டாபேஸின் பெயர் இன்கிரெஸ். அதற்கு ‘போஸ்ட்’, அதாவது அடுத்து வந்தது என்பதால் போஸ்ட்கிரெஸ். 1996-ல் ‘போஸ்ட்கிரெஸ்கியூஎல்’ என்று பெயர் நீண்டாலும், செல்லமாக இன்றும் போஸ்ட்கிரெஸ்தான். சின்னம், யானை.

இந்த யானை வீட்டு வாசல் பட்டியல் ஒரு சாதாரண ஃபைல். ‘பி.ஜி.ஹெச்.பி.ஏ’ என்று பெயர். ஒவ்வொரு வரியிலும் எந்த டேட்டாபேஸ், எந்தப் பயனர், எந்த முகவரியிலிருந்து, எந்த விதமான அடையாளச் சோதனை என்று எழுதியிருக்கும். யாராவது கதவைத் தட்டினால் மேலிருந்து கீழாக வரிகளை ஒப்பிட்டுக்கொண்டே வரும். முதலில் எந்த வரி பொருந்துகிறதோ, அதுதான் தீர்ப்பு. அந்த வரி சொல்லும் சோதனையில் தோற்றால், ‘கீழே வேறு வரி இருக்கிறதா பார்க்கலாம்’ என்ற பேச்சே இல்லை. எந்த வரியும் பொருந்தாவிட்டாலும் அனுமதி கிடையாது.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. பழையவர் பெயரில் இருந்த வரியை மட்டும் அழித்து, கீழே ‘எல்லோரும் வரலாம்’ என்று ஒரு பொதுவான வரி இருந்தால், அவர் அந்த வரியில் பொருந்தி, பாஸ்வேர்டைக் கொடுத்து உள்ளே வந்துவிடுவார். ஆகவே, பெயரை அழிப்பதைவிட, அவர் பெயரைப் போட்டு ‘நிராகரி’ என்று மேலே ஒரு வரி எழுதுவது நல்லது.

இந்த ஃபைலை சர்வர் எப்போது படிக்கும்? இரண்டே சமயம். ஒன்று, சர்வர் தொடங்கும்போது. இரண்டு, ‘திரும்பப் படி’ என்று யாராவது சொல்லும்போது. அதற்கு ‘ரீலோட்’ என்று பெயர். நடுவில் ஃபைலை எத்தனை தடவை திருத்திச் சேமித்தாலும் சர்வர் திரும்பியும் பார்க்காது. வெள்ளிக்கிழமை தம்பி விட்டது இந்த ஒரு வரி உத்தரவைத்தான்.

‘திரும்பப் படி’ என்று சொல்ல லினக்ஸ் கணினிகளில் ஒரு சைகை உண்டு. அதன் பெயர் ‘ஹேங்அப்’. போனைக் கீழே வைப்பதைத்தான் ஆங்கிலத்தில் அப்படிச் சொல்வார்கள். தொலைபேசிக் கம்பி வழியாகக் கணினியோடு பேசிய காலத்தில், லைன் கட்டாகிவிட்டது என்று நிரல்களுக்குத் தெரிவிக்க வைத்த சைகை அது. பின்னணியில் தன்பாட்டுக்கு ஓடும் சர்வர் நிரல்களுக்கு போனும் இல்லை, லைனும் இல்லை. சும்மா கிடக்கும் சைகைதானே என்று அதை ‘அமைப்புகளைத் திரும்பப் படி’ என்று சொல்லப் பயன்படுத்திக்கொண்டார்கள். அது இன்றுவரை தொடர்கிறது.

விண்டோஸில் வேறு கதை

கம்ப்யூட்டர் தம்பி மேல் கோபம் வேண்டாம். அவர் தன் லேப்டாப்பில் பழகியபோது, ஃபைலைத் திருத்திச் சேமித்தவுடனே மாற்றம் வேலை செய்திருக்கக்கூடும். ஏனென்றால், அவர் லேப்டாப்பில் இருப்பது விண்டோஸ்.

போஸ்ட்கிரெஸில் வாசலில் நிற்கும் தலைமை நிரலுக்குப் பெயர் ‘போஸ்ட்மாஸ்டர்’. யாராவது வந்தால் அவர்களைக் கவனிக்கப் புதிதாக ஓர் உதவியாளரை அது உருவாக்கும். லினக்ஸில் அந்த உதவியாளர் தாயின் அச்சாகப் பிறக்கிறது. தாயின் ஞாபகத்தில் இருப்பது அப்படியே பிள்ளைக்கும் வருகிறது. தாய் பழைய பட்டியலைப் படித்திருந்தால் பிள்ளைக்கும் பழைய பட்டியல்தான். விண்டோஸில் இப்படி அச்செடுக்கும் வசதி இல்லை. உதவியாளர் வெறும் கையோடு பிறந்து, தானே ஃபைலைப் படித்துத் தெரிந்துகொள்கிறது. அதனால் அடுத்து வருபவருக்கே புதிய பட்டியல் அமலாகிவிடும்.

ஒரே பெயருள்ள சர்வர், ஒரே ஃபைல், ஆனால் வீட்டுக்கு வீடு பழக்கம் வேறு. விண்டோஸில் கற்றுக்கொண்டு லினக்ஸ் சர்வரில் வேலை செய்பவர்கள் ஏமாறும் இடம் இதுதான்.

‘சரி’ என்றால் சரியா?

அடுத்த முறை தம்பி உஷாராகிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வரியை மாற்றினார், ‘திரும்பப் படி’ என்றும் உத்தரவு கொடுத்தார். ‘ஆம்’ என்று பதில் வந்தது. நிம்மதியாக டீ குடிக்கப் போனார்.

அந்த ‘ஆம்’ என்பதற்கு என்ன அர்த்தம் தெரியுமா? ‘நீ சொன்னதைச் சொல்லிவிட்டேன்’ என்பது மட்டும்தான். ‘படித்தேன், புரிந்தது, ஏற்றுக்கொண்டேன்’ என்பதல்ல.

ஃபைலில் எங்கேயாவது ஓர் எழுத்துப் பிழை இருந்தால், போஸ்ட்கிரெஸ் அந்தப் புதிய பட்டியல் முழுவதையும் ஒதுக்கிவிடும். பழைய பட்டியலை வைத்தே வேலையைத் தொடரும். தன் குறிப்பேட்டில் மட்டும், ‘பிழை இருந்தது, திரும்பப் படிக்கவில்லை’ என்று ஒரு வரி எழுதி வைக்கும். திரையில் எந்தச் சத்தமும் இருக்காது. இது ஒரு வகையில் நல்ல குணம்தான். ஓர் எழுத்துப் பிழைக்காக மூன்று கிளையிலும் பில் போடுவது நின்றுபோகக் கூடாதே!

ஆனால், குறிப்பேட்டை யாரும் பார்க்காவிட்டால் இரண்டு ஆபத்து.

முதலாவது, போகச் சொன்னவருக்கு இன்னும் கதவு திறந்தே இருக்கும்.

இரண்டாவது இன்னும் மோசம். ஓடிக்கொண்டிருக்கும்போது பிழையைப் பொறுத்துக்கொள்ளும் அதே சர்வர், புதிதாகத் தொடங்கும்போது பொறுத்துக்கொள்ளாது. அதன் கையில் பழைய பட்டியல் இல்லை, புதியது பிழை. என்ன செய்யும்? தொடங்கவே மறுத்துவிடும். மார்ச் மாதம் செய்த எழுத்துப் பிழை, ஐப்பசி மழையில் கரன்ட் போய் வந்த ஒரு காலையில், தீபாவளி வியாபாரத்தின் நடுவில், கடையை நிறுத்திவிடும். ‘நேற்றுவரை நல்லாத்தானே ஓடிச்சு’ என்று எல்லோரும் தலையைச் சொறிவார்கள். ஏழு மாதத்துக்கு முன்னால் வைத்த காற்புள்ளி யாருக்கு ஞாபகம் இருக்கும்?

இதற்காகவே 2017-ல் வந்த 10-ம் பதிப்பில் ஒரு வசதி சேர்த்தார்கள். ஃபைலில் உள்ள வரிகளை அட்டவணையாகக் காட்டி, எந்த வரியில் என்ன பிழை என்றும் அது சொல்லும். ‘திரும்பப் படி’ என்று சொல்வதற்கு முன்பே பார்த்துக்கொள்ளலாம். ஆனால், ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. அந்த அட்டவணை காட்டுவது இப்போது ஃபைலில் இருப்பதை. சர்வரின் ஞாபகத்தில் இருப்பதை அல்ல. நோட்டில் பெயர் அடிக்கப்பட்டிருக்கிறது என்று அது சொல்லும். காவலாளிக்குத் தெரியுமா என்று சொல்லாது.

உள்ளே உட்கார்ந்திருப்பவரை என்ன செய்வது?

மூன்றாவது முறை. வரி சரி, எழுத்து சரி, திரும்பப் படித்ததும் சரி. குறிப்பேட்டிலும் புகார் இல்லை. ஆனாலும் பழையவர் கணக்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்!

அவர் காலை பத்து மணிக்கே உள்ளே வந்துவிட்டார். தம்பி பட்டியலை மாற்றியது பதினொரு மணிக்கு. வாசல் பட்டியல் என்பது வாசலில் நிற்பவர்களுக்குத்தான். ஏற்கெனவே கூடத்தில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருப்பவரை அது ஒன்றும் செய்யாது. அவராக எழுந்து போகும்வரை, அல்லது இணைப்பு துண்டிக்கப்படும்வரை, அவர் உள்ளேதான். லேப்டாப்பை அணைக்காமல் வைத்திருந்தால் நாள் கணக்கில்கூட.

எனவே, ‘இனி வராதே’ என்பது ஒரு வேலை. ‘இப்போது வெளியே போ’ என்பது இன்னொரு வேலை. போஸ்ட்கிரெஸில் யார் யார் இப்போது உள்ளே இருக்கிறார்கள் என்று பட்டியல் எடுக்கலாம். குறிப்பிட்ட இணைப்பை மட்டும் துண்டிக்கத் தனி உத்தரவும் உண்டு. முதலில் வாசலை அடைத்துவிட்டு, அப்புறம் வெளியேற்ற வேண்டும். மாற்றிச் செய்தால், வெளியேறியவர் அடுத்த நொடியே திரும்பி வந்துவிடுவார்.

வாசல் சாவி வேறு, அறைச் சாவி வேறு என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். இந்த அட்டவணையைப் பார்க்கலாம், அதைத் திருத்தக் கூடாது என்று டேட்டாபேஸுக்குள்ளேயே கொடுக்கும் உரிமைகள் அறைச் சாவி மாதிரி. போஸ்ட்கிரெஸ் அதை ஒவ்வொரு கேள்வியின்போதும் சோதிக்கிறது. அறைச் சாவியைப் பிடுங்கினால், உள்ளே இருப்பவரின் அடுத்த கேள்விக்கே ‘அனுமதி இல்லை’ என்று பதில் வந்துவிடும். ஒரே நாளில் இரண்டு விதமான அனுபவம் வருவது இதனால்தான். ஒரு மாற்றம் உடனே பலிக்கும், இன்னொன்று பலிக்காது. மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. சோதிக்கும் இடம் வேறு வேறு.

டால்பின் வீட்டில் மூன்று கடிகாரம்

யானைக்குச் சமமாகப் பிரபலமானது மைஎஸ்கியூஎல். சின்னம், டால்பின். 1995-ல் வெளிவந்தது. உருவாக்கியவர்களில் ஒருவரான ஃபின்லாந்துக்காரர் மைக்கேல் விடேனியஸ், தன் மூத்த மகள் ‘மை’யின் பெயரை இதற்கு வைத்தார். பின்னாளில் இதிலிருந்து பிரிந்து அவர் உருவாக்கிய மரியாடிபிக்கு, இளைய மகள் மரியாவின் பெயர்.

மைஎஸ்கியூஎல் தன் பயனர் பட்டியலை டேட்டாபேஸுக்குள்ளேயே அட்டவணைகளாக வைத்திருக்கிறது. தொடங்கும்போது அவற்றை ஞாபகத்தில் ஏற்றிக்கொள்ளும். ‘உரிமை கொடு’, ‘உரிமையைப் பறி’, ‘பாஸ்வேர்டை மாற்று’ என்று முறையான உத்தரவு வழியாக மாற்றினால், அட்டவணையும் மாறும், ஞாபகமும் உடனே புதுப்பிக்கப்படும். செயலாளர் காவலாளியைக் கூப்பிட்டு, அவர் கண்முன்னாலேயே நோட்டில் பெயரை அடிப்பது மாதிரி.

ஆனால், சிலர் குறுக்கு வழியில் அந்த அட்டவணையை நேரடியாகத் திருத்துவார்கள். அப்படிச் செய்தால் சர்வருக்குத் தெரியாது. ‘உரிமைகளைப் புதுப்பி’ என்று தனியாக ஓர் உத்தரவு கொடுக்க வேண்டும், அல்லது சர்வரை அணைத்துப் போட வேண்டும். முறையான உத்தரவைப் பயன்படுத்தியவர்களும் கடைசியில் இந்தப் புதுப்பிக்கும் உத்தரவைப் போடுவதைப் பல இடங்களில் பார்க்கலாம். அது தேவையில்லை, நேரடியாகத் திருத்திய காலத்துப் பழக்கதோஷம்.

சரி, ஞாபகம் புதுப்பிக்கப்பட்டுவிட்டது. ஏற்கெனவே உள்ளே இருப்பவருக்கு எப்போது உறைக்கும்? இங்கே மூன்று கடிகாரம் ஓடுகிறது.

ஒரு குறிப்பிட்ட அட்டவணைக்கோ, அதன் ஒரு பத்திக்கோ உள்ள உரிமை மாறினால், அவருடைய அடுத்த கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

ஒரு முழு டேட்டாபேஸுக்கான உரிமை மாறினால், ‘இந்த டேட்டாபேஸைத் திற’ என்று அவர் அடுத்த முறை கேட்கும்போதுதான் தெரியும்.

சர்வர் முழுவதற்குமான உரிமையோ, பாஸ்வேர்டோ மாறினால், இந்த இணைப்பில் எதுவுமே தெரியாது. போய்விட்டுத் திரும்ப வரும்போதுதான்.

கவனித்தீர்களா? இருப்பதிலேயே பெரிய அதிகாரம்தான் இருப்பதிலேயே தாமதமாகப் பறிபோகிறது. சர்வர் முழுக்க அதிகாரம் வைத்திருந்தவரை நீக்கும்போது, பெயரை நீக்கியதோடு நிற்காமல் இணைப்பையும் துண்டிக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

ஏன் இப்படி வைத்தார்கள்?

‘ஒவ்வொரு தடவையும் ஃபைலைப் படித்துத் தொலைத்தால் என்ன?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி.

முதல் காரணம் வேகம். பரபரப்பான சர்வரில் வருவதும் போவதும் ஓயாமல் நடக்கும். ஒவ்வொருவருக்காகவும் ஃபைலைத் திறந்து, படித்து, பிழை பார்த்துக்கொண்டிருந்தால் வாசலில் வரிசை நீளும்.

இரண்டாவது காரணம் பாதுகாப்பு. பத்து வரி திருத்த வேண்டியிருக்கிறது. ஐந்து வரி முடித்துச் சேமித்தபோது போன் வருகிறது. சர்வர் தானாகவே படித்துக்கொண்டால், பாதி வெந்த பட்டியல் அமலாகிவிடும். ‘எல்லாம் எழுதி முடித்தேன், இப்போது படி’ என்று மனிதர் சொல்லும்வரை காத்திருப்பது மரியாதை மட்டுமல்ல, புத்திசாலித்தனமும்கூட.

சில அமைப்புகளை ஓடும்போது மாற்றவே முடியாது என்பதும் உண்டு. எந்த நெட்வொர்க் முகவரியில் காது கொடுத்துக் கேட்பது, ஒரே சமயத்தில் அதிகபட்சம் எத்தனை பேரை உள்ளே விடுவது போன்றவை போஸ்ட்கிரெஸ் தொடங்கும்போதே முடிவாகிவிடும். அதை மாற்ற, சர்வரை நிறுத்தித் தொடங்கியே ஆக வேண்டும். கட்டடத்துக்கு வாசல் எந்தப் பக்கம் என்பதைக் குடிவந்த பிறகு மாற்ற முடியாதே!

மத்தியானம் மாற்றிய பாஸ்வேர்டு

இன்னொரு தலைவலி. கடையின் பில் போடும் மென்பொருள், ஒவ்வொரு பில்லுக்கும் புதிதாக டேட்டாபேஸ் கதவைத் தட்டுவதில்லை. காலையிலேயே ஏழெட்டு இணைப்புகளைத் திறந்து வைத்துக்கொண்டு, மாற்றி மாற்றிப் பயன்படுத்தும். மத்தியானம் டேட்டாபேஸ் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு, மென்பொருளில் மாற்ற மறந்துவிட்டால் என்ன ஆகும்? அப்போதைக்கு ஒன்றும் ஆகாது! திறந்திருக்கும் இணைப்புகள் ஓடிக்கொண்டேதான் இருக்கும். ராத்திரி சர்வரை அணைத்து, காலையில் போட்டதும் மென்பொருள் பழைய பாஸ்வேர்டோடு கதவைத் தட்டும். கதவு திறக்காது. காரணம் நேற்று மத்தியானத்தில் இருக்கும், எல்லோரும் இன்று காலையில் தேடுவார்கள்.

இதற்காக மைஎஸ்கியூஎல் 8.0.14 பதிப்பில் ஒரு வசதி வந்தது. ஒரே பயனருக்குப் பழைய பாஸ்வேர்டு, புதிய பாஸ்வேர்டு இரண்டையும் கொஞ்ச காலம் செல்ல வைக்கலாம். எல்லா மென்பொருளிலும் புதியதை மாற்றி முடித்த பிறகு பழையதைத் தூக்கிவிடலாம். ஊரிலிருந்து எல்லோரும் வந்து சேரும்வரை பழைய சாவிக்கும் பூட்டு திறப்பது மாதிரி.

தம்பிகள் கவனத்துக்கு

கடையிலோ, பள்ளியிலோ, அலுவலகத்திலோ கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்பவர் உங்கள் வீட்டில் இருந்தால் இதைக் காட்டுங்கள்.

1. ஆளுக்கொரு பயனர் பெயர் கொடுங்கள். ஐந்து பேரும் ஒரே பெயரில் வந்தால், ஒருவரை மட்டும் நீக்க முடியாது.

2. ஃபைலைத் தொடுவதற்கு முன் ஒரு நகல் எடுத்து, தேதி போட்டு வையுங்கள்.

3. திருத்தியதும் பிழை இருக்கிறதா என்று சோதியுங்கள். அப்புறம் ‘திரும்பப் படி’ என்று சொல்லுங்கள். சொன்ன பிறகு குறிப்பேட்டைத் திறந்து, அது படித்ததா என்று பாருங்கள்.

4. உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பட்டியல் எடுத்து, போக வேண்டியவரின் இணைப்பைத் துண்டியுங்கள்.

5. இவ்வளவும் முடியும்வரை உங்களுடைய சொந்த இணைப்பை மட்டும் மூடாதீர்கள். பட்டியலில் தவறு செய்து உங்களையே வெளியே பூட்டிக்கொண்டால், ஏற்கெனவே உள்ளே இருக்கும் அந்த இணைப்புதான் கைகொடுக்கும். பழையவரை உள்ளேயே உட்கார வைத்த அதே குணம், இங்கே உங்களைக் காப்பாற்றும்.

உங்கள் கையில் இருக்கும் போனிலும்!

‘எங்கள் வீட்டில் டேட்டாபேஸும் இல்லை, கடையும் இல்லை’ என்பவர்களுக்கும் இதில் ஒரு சேதி இருக்கிறது.

வாட்ஸ்அப்பை ஒருநாள் பிரவுசிங் சென்டரிலோ, அலுவலகக் கம்ப்யூட்டரிலோ திறந்திருப்பீர்கள். அப்புறம் போனுக்குப் புதிதாக ஸ்கிரீன் லாக் போட்டிருப்பீர்கள். போன் பூட்டியாச்சு. ஆனால், அந்தக் கம்ப்யூட்டரில் திறந்தது? அது ஏற்கெனவே கூடத்தில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருப்பவர். வாட்ஸ்அப் அமைப்புகளில் ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ என்ற இடத்துக்குப் போய்ப் பாருங்கள். உங்களுக்குத் தெரியாத சாதனம் இருந்தால், அதைத் தொட்டு வெளியேற்றுங்கள். மின்னஞ்சலுக்கும் இதே மாதிரி, எந்தெந்தச் சாதனங்களில் திறந்திருக்கிறது என்று பார்க்கும் இடம் உண்டு. பாஸ்வேர்டை மாற்றும் நாளில், அந்தப் பட்டியலையும் ஒரு பார்வை பார்ப்பது நல்லது.

பழைய போனை மச்சானுக்கோ, வீட்டுவேலை செய்யும் அம்மாவின் மகளுக்கோ கொடுப்பதற்கு முன்பும் இதே வேலைதான்.

கடைசியாக, அண்ணாச்சியிடமே வருவோம். கம்ப்யூட்டர் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால், பூட்டைப் போட்டதும் இழுத்துப் பார்க்காமல் அவர் ஒருநாளும் நகர்ந்ததில்லை. பூட்டு ‘க்ளிக்’ என்று சத்தம் போட்டதை மட்டும் நம்புவதில்லை. தம்பி செய்யாமல் விட்டதும் அதைத்தான். வரியை அழித்து, திரும்பப் படிக்கச் சொல்லி, இணைப்பைத் துண்டித்த பிறகு, பழையவரின் பெயரிலேயே வெளியிலிருந்து ஒரு தடவை உள்ளே போக முயன்று பார்த்திருக்க வேண்டும்.

‘அனுமதி இல்லை’ என்று திரையில் வந்த பிறகு சொல்லலாம், “முடிஞ்சுது அண்ணாச்சி” என்று.